ஒரே இரத்தம், இரண்டு நிறம்: எந்த ஸ்லைடை நம்புவது?

பர்மாவின் மோல்மீனில் ஒரு சிறிய பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் தங்கை ஒருத்தி கேட்டிருக்கிறாள். தன் சித்தப்பாவின் இரத்தத்தை, அணுக்களை நிறம் பிரித்துக் காட்டும் லீஷ்மன் சாயம் ஏற்றிப் பார்த்திருக்கிறாள். ஸ்லைடில் நீலம் தூக்கலாக இருந்தது. வெள்ளணுக்களில் குறை எதுவும் தெரியவில்லை. அதே வாரம் ரங்கூனில் ஒரு தனியார் கூடத்தில் கொடுத்தபோது ஸ்லைடு இளஞ்சிவப்பாக வந்திருக்கிறது. "நியூட்ரோஃபில் வெள்ளணுக்களில் துகள்கள் குறைவு, எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை செய்வது நல்லது" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வீடே கலங்கிப் போயிருக்கிறது. "அக்கா, இரண்டு இடத்திலும் புட்டியின் மேல் ஒரே பெயர்தான். சாயத்துக்கு உலகப் பொது அளவு என்று ஒன்று கிடையாதா? இரண்டில் எது உண்மை?" இதுதான் அவள் கேள்வி.

முதலில் சித்தப்பாவின் காரியத்தைப் பார்ப்போம். மஜ்ஜையில் ஊசி போடும் முன் இன்னொரு முறை இரத்தம் எடுக்கச் சொல். எடுத்து இரண்டு மணி நேரத்துக்குள் ஸ்லைடில் இழுத்துவிட வேண்டும். அதே தட்டில், அதே சாயத்தில், அதே நிமிடக் கணக்கில், நல்ல உடல்நிலையில் உள்ள ஒருவரின் இரத்தமும் கூடவே போக வேண்டும். உன் இரத்தமே போதும். உன் நியூட்ரோஃபில்களும் வெளிறி இருந்தால் குற்றம் சாயத்தின் மேல். உன்னுடையவை ஊதாத் துகள்களோடு நன்றாக இருக்க, அவருடையவை மட்டும் வெறுமையாக இருந்தால் மருத்துவர் சொல்வதைத் தள்ளிப்போட வேண்டாம்.

இன்னொரு அடையாளமும் உண்டு. மஜ்ஜைக் கோளாறில் பெரும்பாலும் ஒரே ஸ்லைடில் துகள் உள்ள நியூட்ரோஃபில்களும் துகள் இல்லாதவையும் கலந்து கிடக்கும். சிலவற்றின் உட்கரு இரண்டே மடலாக, மூக்குக்கண்ணாடி போலவும் தெரியும். சாயம் குறைந்தாலோ அத்தனை அணுக்களும் ஒரே மாதிரி வெளிறும். உட்கருவின் வடிவம் அப்படியே இருக்கும். ரங்கூன் ஸ்லைடைக் கேட்டு வாங்கி, இந்த ஒன்றை மட்டும் பார். ஈசினோஃபில் என்ற வெள்ளணுவின் துகள்கள் பளிச்சென்று ஆரஞ்சாகவும், தட்டணுக்களில் ஊதாவே இல்லாமலும் இருந்தால் அங்கே சிவப்பு மிஞ்சி நீலம் தோற்றிருக்கிறது என்று பொருள்.

உன் ஸ்லைடையும் நான் நம்ப மாட்டேன். நீலம் மிஞ்சினால் சாதாரணத் துகள்களும் தடித்து, கடுமையான தொற்றில் வரும் நச்சுத் துகள்கள் போலத் தோன்றும். சரியான சாயத்தில் வெளிறித் தெரிய வேண்டிய அணுவும் அதில் துகளோடு இருப்பதுபோல் ஏமாற்றும். ஆகவே இரண்டு ஸ்லைடுமே இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் தகுதி இல்லாதவை. இதைச் சொல்லச் சங்கடமாக இருக்கிறது. ஆனாலும் நம் தொழிலில் இதை ஒப்புக்கொள்ளாமல் அடுத்த படி வைக்க முடியாது.

இனி உன் பெரிய கேள்வி. உலகப் பொது அளவு இருக்கிறது. இரத்தவியல் தரப்படுத்தலுக்கான சர்வதேசக் குழு 1984-இல் அதை வெளியிட்டது. இரத்தத்துக்கும் மஜ்ஜைக்கும் இரண்டே சாயங்கள், அஸூர் பி, இயோசின் ஒய், இரண்டும் தூய்மையானவை, கலக்கும் முறையும் அமில கார நிலையும் வரையறுக்கப்பட்டவை. ஆனால் அது ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான அளவுகோல். துணிக்கடையில் மீட்டர் கோல் இருக்கிறது என்பதால் அங்கே கிழிக்கும் துணியெல்லாம் சரியான அளவாகிவிடுமா? தூய அஸூர் பி விலை கூடியது. மோல்மீனிலும் ரங்கூனிலும் நம் அலமாரியில் நிற்கிற புட்டிகளில் பெரும்பாலும் இருப்பது அதுவல்ல. லீஷ்மன், கீம்சா, ரைட் என்பவை பொருளின் பெயர்கள் அல்ல, மனிதர்களின் பெயர்கள். அந்தப் பெயருக்குக் கீழே புட்டிக்குள் என்ன இருக்கிறது என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர், ஒரே தயாரிப்பாளரிடமும் தொகுதிக்குத் தொகுதி, மாறும்.

ஏன் மாறுகிறது என்பதற்கு இந்தச் சாயம் பிறந்த கதையே காரணம். மெத்திலீன் நீலம் 1876-இல் ஜெர்மனியில் ஹைன்ரிஷ் காரோ உருவாக்கியது. இயோசினும் அவர் கைப்பட்டதே. விடியலின் கிரேக்கத் தேவதை ஈயோஸின் பெயரை அது தாங்கியிருக்கிறது. இரண்டும் துணிக்காகப் பிறந்த சாயங்கள். இரத்தம் பார்ப்பவர்கள் துணிச் சாயத் தொழிலின் வாசலில் நின்று கையளவு வாங்கிக்கொண்டவர்கள்தான். 1891-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் டிமிட்ரி ரொமனோவ்ஸ்கி மலேரியாக் கிருமியைத் தேடிக்கொண்டிருந்தார். புதிதாகக் கரைத்த மெத்திலீன் நீலத்தோடு இயோசின் கலந்தபோது கிடைக்காத ஒரு நிறம், பூஞ்சை படிந்து பழசாகிப்போன மெத்திலீன் நீலத்தோடு கலந்தபோது கிடைத்தது. கிருமியின் உட்கருவும் வெள்ளணுவின் உட்கருவும் ஊதாவாக எழுந்தன. நீலமும் சிவப்பும் சேர்ந்ததால் வந்த ஊதா அல்ல அது; இரண்டு புட்டியிலும் இல்லாத மூன்றாவது நிறம். அதே ஆண்டில் எர்ன்ஸ்ட் மலஹோவ்ஸ்கியும் வெண்காரம் சேர்த்து அந்த நிறத்தைத் தனியாக அடைந்திருந்தார்.

பழசாகும்போது நடந்தது என்ன? மெத்திலீன் நீலத்தின் மூலக்கூறில் நான்கு மெத்தில் தொகுதிகள் இருக்கின்றன. காற்றும் காரமும் சூடும் பட்டால் அவை ஒவ்வொன்றாக உதிரும். ஒன்று உதிர்ந்தால் அஸூர் பி, இரண்டு உதிர்ந்தால் அஸூர் ஏ, மூன்று உதிர்ந்தால் அஸூர் சி, நான்கும் போனால் தயோனின். ரொமனோவ்ஸ்கியின் ஊதாவைக் கொடுத்தது மெத்திலீன் நீலம் அல்ல, அதிலிருந்து பிறந்த அஸூர்கள். அவற்றிலும் அஸூர் பி-தான் மிகச் சிறப்பாகக் கொடுக்கிறது. அந்தக் காலத்தில் இது யாருக்கும் தெளிவாகத் தெரியாது. ஆளுக்கொரு விதமாகக் காய்ச்சினார்கள். 1901-இல் வில்லியம் லீஷ்மன், 1902-இல் பாஸ்டனில் ஜேம்ஸ் ரைட், அதே ஆண்டில் மே, குரூன்வால்ட் இருவர். ஹாம்பர்க்கில் குஸ்டாவ் கீம்சா, தொழிலால் வேதியியலாளர், காய்ச்சுவதை நம்பாமல் அஸூரை அளந்து சேர்த்தார். கிளிசராலும் மெத்தனாலும் கலந்த கரைசலில் வைத்து அதை நீண்ட நாள் கெடாமல் நிற்கச் செய்தார். தரப்படுத்தல் என்ற சொல் இந்தத் துறைக்கு வருமுன்பே தரப்படுத்த முனைந்தவர் என்று நான் அவரைத்தான் சொல்வேன்.

காய்ச்சுகிற முறையில் அளவு நிற்காது. நம் வீட்டில் ரசம் வைக்கிற இருவர் கையில் ஒரே புளி இரண்டு சுவை தருவதுபோல், ஒரே மெத்திலீன் நீலம் இரண்டு ஆலையில் இரண்டு விகித அஸூர்களாகிறது. 1970-களில் பிரிட்டனில் மார்ஷல், பென்ட்லி, லூயிஸ் மூவரும் தூய சாயங்களைக் கொண்டே ரொமனோவ்ஸ்கிச் சாயம் தயாரித்துக் காட்டினார்கள். ஜெர்மனியில் விட்டெகிண்ட் அஸூர் பி, இயோசின் இரண்டை மட்டும் வைத்து அதே திசையில் போனார். 1984-இன் அளவுகோல் இந்த உழைப்பின் மேல்தான் எழுந்தது.

அமெரிக்காவில் வேறொரு நெருக்கடி இதற்கு முன்பே வந்திருந்தது. முதல் உலகப் போர் மூண்டதும் ஜெர்மனியின் சாயம் நின்றுபோனது. அதுவரை ஆய்வுக்கூடங்கள் நம்பியிருந்தது லைப்சிக் நகரத்துக் க்ரூப்ளர் நிறுவனத்தை. அவர்கள் சாயம் தயாரித்தவர்கள் அல்ல. துணிச் சாய ஆலைகளிலிருந்து வாங்கி, சோதித்து, நல்லதை மட்டும் சிறு புட்டிகளில் அடைத்துக் கொடுத்தவர்கள். அந்தப் புட்டி வராமல் போனபோதுதான் நல்ல சாயம் என்றால் என்ன என்பதற்கு எழுத்தில் இலக்கணமே இல்லை என்பது எல்லோருக்கும் புரிந்தது. 1920-களின் தொடக்கத்தில் கான் என்பவர் தலைமையில் உயிரியல் சாயங்களுக்கான ஆணையம் அங்கே அமைந்தது. இன்றைக்கும் அது தொகுதி தொகுதியாகச் சாயத்தை வாங்கிச் சோதித்துச் சான்றெண் கொடுக்கிறது.

இந்த வரலாற்றை நீட்டியதற்குக் காரணம் உண்டு. சாயத்தூளில் சாயம் மட்டும் இல்லை. உப்பு, டெக்ஸ்ட்ரின் போன்ற நிரப்பிகளும் இருக்கலாம். லேபிளில் சாய உள்ளடக்கம் இத்தனை சதவீதம் என்று இருக்கிறதா என்று பார். 'கலர் இண்டெக்ஸ்' எண் என்று ஒன்று இருக்கும்: அஸூர் பி 52010, மெத்திலீன் நீலம் 52015, இயோசின் ஒய் 45380. கலவைச் சாயத்துக்குத் தனி எண் எதிர்பார்க்காதே; அதன் உள்ளே என்னென்ன சேர்ந்திருக்கின்றன, தொகுதி எண் என்ன, காலாவதி எப்போது என்று சொல்லியிருக்க வேண்டும். நிறமேற்றும் பொருள்களோடு தயாரிப்பாளர் என்னென்ன தகவல் தர வேண்டும் என்பதற்கு ஐ.எஸ்.ஓ. 19001 என்ற சர்வதேசத் தரமே இருக்கிறது. இந்தியாவிலிருந்து கப்பலில் வருகிறது, தாய்லாந்திலிருந்து வருகிறது, சீனாவிலிருந்து வருகிறது. வரட்டும். லேபிளில் தொகுதி எண்கூட இல்லாத புட்டியை மட்டும் விலை குறைவு என்று வாங்காதே.

சாயம் அணுவை எப்படிப் பிடிக்கிறது என்பது தெரிந்தால் மீதி எல்லாம் எளிது. அஸூர் பி நேர்மின்னூட்டம் கொண்டது, உட்கருவின் டி.என்.ஏ.விலும் ஆர்.என்.ஏ.விலும் உள்ள பாஸ்பேட்டுகள் எதிர்மின்னூட்டம் கொண்டவை. அங்கே அது போய் ஒட்டும். இயோசின் எதிர்மின்னூட்டம் கொண்டது. புரதங்களை, முக்கியமாகச் சிவப்பணுவின் ஹீமோகுளோபினை, பிடிக்கும். அஸூர் பி வேகமாக உள்ளே நுழையும். இயோசின் மெதுவாக வந்து, டி.என்.ஏ.வோடு நெருக்கமாக அடுக்கிக்கொண்டிருக்கும் அஸூரோடு சேரும்போது அந்த ஊதா எழுகிறது. அதனால்தான் நேரம் முக்கியம். அவசரமாகக் கழுவினால் நீல உட்கரு கிடைக்கும். ஊதா உட்கரு கிடைக்காது.

இனி தண்ணீர். என் முப்பது வருட அனுபவத்தில், நிறம் கெட்டது என்று என்னிடம் வந்த ஸ்லைடுகளில் சாயத்தின் குற்றத்தைவிடத் தண்ணீரின் குற்றமே அதிகம். ஆரத்தித் தட்டில் மஞ்சள் கரைத்த நீரில் ஒரு சிட்டிகை சுண்ணாம்பு விழுந்ததும் இரத்தச் சிவப்பாகிறதே, அதைப் பார்க்காத தமிழ் வீடு இல்லை. அங்கே காரம் மஞ்சளின் நிறத்தையே மாற்றுகிறது. இங்கே நடப்பது அதிலிருந்து கொஞ்சம் வேறு. சாயங்கள் தம் நிறத்தை மாற்றிக்கொள்வதில்லை. அணுவில் உள்ள புரதத்தின் மின்னூட்டம் மாறுகிறது. நீர் அமிலப் பக்கம் சாய்ந்தால் புரதம் இயோசினை அதிகமாக அழைக்கும், ஸ்லைடு சிவக்கும். காரப் பக்கம் சாய்ந்தால் அஸூரை அழைக்கும், நீலமாகும். அமரபுரத்தில் பட்டுக்குச் சாயம் போடுகிறவர்களைக் கேட்டால் தண்ணீர் மாறினால் சாயம் மாறும் என்பார்கள். நாம் மட்டும் குழாய்த் தண்ணீரைப் பிடித்துச் சாயத்தின் மேல் ஊற்றுகிறோம்.

அமில கார நிலையை அளக்கும் எண்தான் பி.எச். இரத்த அணுக்களின் உருவம் பார்க்க பி.எச். 6.8, மலேரியா பார்க்க 7.2. இந்த இரண்டு எண்களைச் சுவரில் எழுதி ஒட்டு. ஒரே பஃபரை, அதாவது பி.எச். மாறாமல் காக்கும் உப்பு நீரை, இரண்டுக்கும் பயன்படுத்தலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதே. இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஒரு மனிதர் காரணம்.

பல வருடங்களுக்கு முன், ரங்கூனில் நான் வேலை பார்த்த ஒரு கூடத்தில், கரேன் மலைப்பக்கம் மரம் வெட்டப் போய்த் திரும்பிய ஒருவர் காய்ச்சலோடு வந்தார். ஸ்லைடில் சிவப்பணுக்களுக்குள் மோதிர வடிவக் கிருமிகள் தெரிந்தன. வைவாக்ஸ் என்ற மலேரியா வகை என்றால் கிருமி குடியேறிய சிவப்பணு கொஞ்சம் பெருத்து, அதற்குள் ஷூஃப்னர் புள்ளிகள் எனப்படும் இளஞ்சிவப்புப் பொட்டுகள் தூவியிருக்கும். ஒரு புள்ளியும் இல்லை. இரண்டு பேர் பார்த்தோம். ஃபால்சிபாரம் என்ற இன்னொரு வகை என்று எழுதினோம். அவர் மருந்து சாப்பிட்டார், காய்ச்சல் விட்டது, போனார். இரண்டு மாதத்துக்குள் அதே காய்ச்சலோடு திரும்பி வந்தார். இம்முறை வேறு கூடத்தில் பார்த்தார்கள்; வைவாக்ஸ். வைவாக்ஸ் ஈரலுக்குள் பதுங்கியிருந்து மீண்டும் கிளம்பும். அதை வேரோடு எடுக்கப் பிரைமாகுவின் நாள்கணக்கில் கொடுக்க வேண்டும். நாங்கள் எழுதிய ஒரு சொல்லால் அவருக்கு அது கிடைக்காமல் போயிற்று.

காரணத்தைத் தேடி ஒரு வாரம் அலைந்தேன். சாயத்தை மாற்றினேன், மெத்தனாலை மாற்றினேன். கடைசியில் உப்புப் புட்டியைக் கையில் எடுத்தேன். மலேரியா பஃபருக்கு ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 0.7 கிராம், டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 1 கிராம் என்பது கணக்கு. இரண்டுமே நீரற்ற உப்பு. அந்த மாதம் வந்திறங்கிய டைசோடியம் உப்பு பன்னிரண்டு நீர் மூலக்கூறுகளைத் தன்னோடு கட்டிக்கொண்டிருக்கும் வகை. அது ஒரு கிராமுக்குப் பதில் ஏறத்தாழ இரண்டரைக் கிராம் போட வேண்டியது. நாங்கள் வழக்கம்போல் ஒரு கிராம் போட்டோம். பி.எச். 7.2-இலிருந்து 6.8 பக்கம் இறங்கிவிட்டது. அங்கே ஷூஃப்னர் புள்ளிகள் தலைகாட்டுவதில்லை. மீட்டரில் வைத்திருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். மீட்டரின் மின்முனை உலர்ந்துபோய்ப் பல வாரங்கள் ஆகியிருந்தன. லேபிளைப் படிக்காதது நான்தான். அந்த மனிதரின் வெளுத்த முகம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

இன்றைக்குப் பர்மாவில் கிடைக்கும் மலேரியாவில் வைவாக்ஸின் பங்கு பெரிது. பிரைமாகுவின் கொடுக்கும் முன், சிவப்பணுவைக் காக்கும் ஜி-6-பி-டி என்ற நொதியின் குறைபாடு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இந்த மண்ணில் அது அரிதல்ல, குறைபாடு உள்ளவர்களுக்கு அந்த மருந்து சிவப்பணுக்களை உடைத்துவிடும். ஆகவே புள்ளி இருக்கிறதா இல்லையா என்பது நிற ரசனை சார்ந்த விஷயமே அல்ல. ஸ்லைடு அழகாக இல்லை என்று யாரும் சாவதில்லை. புள்ளி தெரியவில்லை என்றால் ஒரு மனிதன் தவறான மருந்தோடு வீடு போகிறான்.

அடுத்தது மெத்தனால், சாயத்துக்கு முன் இரத்தத்தை ஸ்லைடில் நிலைப்படுத்தும் ஆல்கஹால். நம் ஊர் மழைக்கு இதில் பெரிய பங்கு. மே மாதம் தொடங்கி அக்டோபர் வரை காற்றே தண்ணீராக இருக்கிறது. மெத்தனால் அந்தத் தண்ணீரை உறிஞ்சிக் குடிக்கும். பெரிய புட்டியைத் திறந்து வைத்து நாள் முழுக்க அதிலிருந்தே ஊற்றினால் வாரக்கடைசியில் அது பாதி வேலைதான் செய்யும். சிவப்பணுக்களின் நடுவில் கண்ணாடித் துண்டு போல மின்னும் பொட்டுகள், பூச்சி அரித்தது போன்ற விளிம்புகள், இவையெல்லாம் ஈரமேறிய மெத்தனாலின் கைவேலை. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் இவற்றைக் கிருமி என்றும், நோய் என்றும் எழுதிவிடுகிறார்கள். நான் செய்வது இது: புட்டி வந்த அன்றே சின்னச் சின்னப் புட்டிகளில் கழுத்து வரை நிரப்பி இறுக மூடிவிடுவேன், ஒரு நாளைக்கு ஒன்று. மாலையில் மீந்தது வேறு எதற்கும் போகலாம், ஸ்லைடுக்குப் போகாது. இழுத்த ஸ்லைடும் நன்றாக உலர்ந்த பிறகே மெத்தனாலுக்குள் போக வேண்டும். ஆடி மழையில் சாதாரண விசிறியின் கீழ் ஐந்து நிமிடத்தில் உலராது, பொறுமை வேண்டும். மலேரியாவுக்கான தடித்த படலத்தில் மட்டும் மெத்தனால் படவே கூடாது. பட்டால் ஹீமோகுளோபின் வெளியேறாமல் கிருமியை மறைத்துவிடும். கீம்சாவின் மூலக்கரைசல் புட்டிக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் போனாலும் அந்தப் புட்டி கெடத் தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள். ஈரமான பிப்பெட்டை அதற்குள் விடுவதைக் கண்டால் நான் கோபப்படுவேன் என்பது என்னிடம் படித்த பர்மியப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் தெரியும். சயாமா, அதாவது டீச்சர், வருகிறார் என்றால் பிப்பெட்டைத் துடைப்பார்கள்.

மின்சாரம் நின்று நின்று வருவதால் காய்ச்சி வடித்த நீர் கிடைக்காத நாள்கள் உண்டு. அப்போது மழைநீரைப் பிடிக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். சுத்தமான பாத்திரத்தில், கூரை படாமல் பிடித்து வடிகட்டி, பஃபர் உப்புப் போட்டு மீட்டரிலோ, குறைந்தது நல்ல பி.எச். தாளிலோ சரிபார்த்தால் குழாய்த் தண்ணீரைவிட அது மேல். சரிபார்க்காமல் எதுவும் வேண்டாம். பஃபர் உப்பையும் முன்கூட்டியே எடை போட்டு, ஒரு லிட்டருக்கு ஒன்றாகச் சிறு பொட்டலங்களில் கட்டி வைத்துக்கொண்டால் அவசரத்தில் தராசைத் தேட வேண்டியதில்லை.

இப்போது உன் கூடத்திலேயே ஒரு தரம் நிலைநாட்டும் வழி. 1984-இன் தூய சாயம் உன்னிடம் இல்லை, சரி. ஆனால் போன மாதப் புட்டியும் இந்த மாதப் புட்டியும் உன்னிடம் இருக்கின்றன. பழைய புட்டி தீரும்வரை காத்திருக்காதே. கால்பாகம் இருக்கும்போதே புதியதைத் திற. ஒரே இரத்தத்தில் பத்து ஸ்லைடு ஒரே நேரத்தில் இழு, ஒரே மெத்தனாலில் நிலைப்படுத்து. ஐந்தைப் பழையதிலும் ஐந்தைப் புதியதிலும், நிமிடங்களை மாற்றி மாற்றி ஏற்று. சிவப்பணு இளஞ்சிவப்பா, உட்கரு ஊதாவா, நியூட்ரோஃபில் துகள் மெல்லிய ஊதாவாகத் தனித்தனியே தெரிகிறதா, லிம்ஃபோசைட் என்ற வெள்ளணுவின் சைட்டோபிளாசம் தெளிந்த நீலமா, ஈசினோஃபில் ஆரஞ்சா, தட்டணுவில் துகள் உண்டா என்று பார். எத்தனை நிமிடத்தில் புதியது பழையதோடு ஒத்துப்போகிறதோ அந்த எண்ணைப் புட்டியின் மேலேயே எழுதி, தேதியும் உன் கையெழுத்தும் போடு. எட்டு நிமிடமா பன்னிரண்டு நிமிடமா என்பது புட்டியைப் பொறுத்தது. அதை ஒவ்வொரு நாளும் கண்ணால் குத்துமதிப்பாக மாற்றுவதுதான் நம் ஊர்க் கூடங்களின் பெரிய நோய். எனக்கு அனுபவம் இருக்கிறது, பார்த்தாலே தெரியும் என்று சொல்லும் மூத்தவர்களிடம் நானும் பணிந்து வேலை பார்த்திருக்கிறேன். அவர்கள் விடுப்பு எடுத்த நாளில் கூடத்தின் தரமும் விடுப்பு எடுத்துக்கொண்டது.

கீம்சாவுக்கு இன்னொரு எளிய சோதனை உண்டு. வடிதாளில் ஒரு சொட்டுச் சாயம் விட்டு, உலர்ந்ததும் அதன் நடுவில் மெத்தனாலைச் சொட்டுச் சொட்டாக விடு. நடுவில் நீலம், அதைச் சுற்றி ஊதா, கரையில் மெல்லிய சிவப்பு வளையம் என்று பிரிந்து வந்தால் மெத்திலீன் நீலமும் அஸூரும் இயோசினும் மூன்றும் இருக்கின்றன. வளையம் ஒன்று குறைந்தால் அந்தப் புட்டி வேண்டாம். இதற்கு மின்சாரம்கூடத் தேவையில்லை. நீர் சேர்த்த கீம்சாவை அவ்வப்போது புதிதாகக் கலக்க வேண்டும் என்பதையும் மறக்காதே. நேரம் போகப் போக அது வீழ்படிவாகி ஸ்லைடில் கரும்பொட்டாக இறங்கும், அந்தப் பொட்டைத் தட்டணு என்று எண்ணுவார்கள்.

வைவாக்ஸ் உள்ள இரத்தம் கிடைக்கும்போதெல்லாம் கூடுதலாக இருபது முப்பது மெல்லிய படலம் இழுத்து வைத்துக்கொள். நன்றாக உலர்த்தி, மெத்தனாலில் நிலைப்படுத்தி, ஈர உறிஞ்சியோடு மூடி உறைபெட்டியில் வை. ஒவ்வொரு புதுப் பஃபருக்கும் அதில் ஒன்றைச் சாயமேற்று. ஷூஃப்னர் புள்ளி தெரிந்தால்தான் அந்தப் பஃபர் நோயாளியின் ஸ்லைடைத் தொடலாம். நான் மரவெட்டியிடம் கற்றது இது.

ஓர் எச்சரிக்கை. எல்லா நீலத்தையும் திருத்திவிடாதே. கூடவே போட்ட நல்ல இரத்தம் சரியாக இருந்து, ஒரு நோயாளியின் ஸ்லைடு மட்டும் பின்னணியெல்லாம் நீலம் பூசியதுபோல் வந்தால், அவருடைய பிளாஸ்மாவில் அளவுக்கு மீறிய புரதம் இருக்கலாம். மயலோமா என்ற மஜ்ஜைப் புற்றுநோய் போன்றவற்றில் அப்படி வரும். இரத்தம் உறையாமல் காக்கும் ஹெப்பாரின் போட்ட குழாயில் எடுக்கப்பட்டதா என்றும் பார். அதுவும் நீலம் காட்டும். சாயத்தைக் கட்டுக்குள் வைத்திருப்பவளுக்குத்தான் இந்த வித்தியாசம் கண்ணில் படும். தினமும் நிறம் மாறுகிற கூடத்தில் நோயின் நீலமும் சாயத்தின் நீலமும் ஒன்றாகவே தெரியும். ரெட்டிகுலோசைட் எனும் இளம் சிவப்பணுக்களை எண்ண, லேசான நீலச் சாயல் பார்த்துக் கணக்கிடுவதும் வேண்டாம்; அதற்குப் புது மெத்திலீன் நீலம் என்ற தனிச் சாயம் இருக்கிறது. அது மெத்திலீன் நீலம் அல்ல, பெயர்தான் ஏறத்தாழ ஒன்று. கடையில் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள்.

பெரிய மருத்துவமனைகள் இப்போது ஸ்லைடைக் கேமரா பார்த்து அணுவைப் பெயர் சொல்லும் இயந்திரங்களை வாங்குகின்றன. அந்த இயந்திரம் ஏதோ ஒரு சாயத்தில் ஏற்றிய ஆயிரக்கணக்கான அணுக்களைக் காட்டிப் பழக்கப்பட்டது. நாம் வேறு நிறத்தில் ஏற்றிக் கொடுத்தால் அதுவும் தடுமாறும்; கண்ணுக்குப் பழகிய மனிதன் சமாளிக்கும் அளவுக்குக்கூடச் சமாளிக்காது. ஆகவே இயந்திரம் வந்தால் சாயக் கவலை போகும் என்று யாராவது சொன்னால் நம்பாதே, கூடத்தான் செய்யும்.

சித்தப்பாவின் இரத்தத்தை எடுக்கும் நாளில் ஆறு ஸ்லைடு கூடுதலாக இழு. மூன்று அவருடையது, மூன்று உன்னுடையது. மெத்தனாலில் நிலைப்படுத்தி, சாயம் ஏற்றாமல், உலர்ந்ததும் ஒவ்வொன்றாகத் தாளில் சுற்றி, பென்சிலால் பெயரெழுதி ரங்கூன் பஸ்ஸில் யாரிடமாவது கொடுத்தனுப்பு. இங்கே நான் 6.8 பஃபரில் ஏற்றி வைக்கிறேன். மருத்துவரிடம் போகும் முன் நீயும் வந்து என் மைக்ரோஸ்கோப்பில் பக்கத்தில் உட்கார்ந்து பார்.